மேல் பலகை

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஆபீசில் அதைவிடப் பெரிய பொங்கல். எங்கள் குழுவில் இருக்கும் ஃபர்ஹானா முதன்முறையாக ஏரிக்கண்ணின் முழு வெப்பக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். காமிரா சுடுகிறது என்கிறது கணக்கு. பேச்சிமுத்து போன வருடம் போட்ட கணக்கில் அதே காமிரா ஜில்லென்று இருந்தது.

ஏரிக்கண் எங்கள் கம்பெனியின் முதல் செயற்கைக்கோள். ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவுப் பெட்டி. வானத்தில் சுற்றிக்கொண்டே ஏரி குளங்களின் சூட்டை அளந்து, எங்கே தண்ணீர் வற்றுகிறது என்று சொல்ல வேண்டியது அதன் வேலை. சூட்டை அளக்கிற காமிரா தானே சூடாக இருந்தால் காய்ச்சல்காரன் அடுத்தவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற கதையாகிவிடும். அதனால் காமிராவின் சூட்டை வெளியே தள்ள ஒரு பலகையில் ரேடியேட்டர் வைத்திருக்கிறோம். பெட்டியின் ஆறு பலகைகளையும் வரைகிறவள் நான். எது எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போடுகிறவன் பேச்சிமுத்து.

ஃபர்ஹானா எங்கோ ஒரு எண்ணை மாற்றிப் போட்டிருப்பாள். சின்னப் பெண். நாளை சரியாகிவிடும்.

பிப்ரவரி 4, புதன்

சரியாகவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தோம். அவள் கணக்கும் சரி, அவன் கணக்கும் சரி. இரண்டும் சரி என்றால் காமிரா சுடுவதும் சரி, குளிர்வதும் சரி. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

எங்கள் மேஜையில் தமிழில்தான் பேச வேண்டும் என்பது நான் கொண்டுவந்த வழக்கம். அப்பா ரயில்வேயில் இருந்ததால் நாக்பூரில் வளர்ந்தவள் நான். ரயிலில் வருகிற தமிழ்ப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்ட தமிழ். கஷ்டப்பட்டுக் கற்றதாலோ என்னவோ யாராவது அதைக் கடித்துத் துப்பினால் பொறுக்காது. வரைபடத் தாள்களுக்குக்கூடத் தமிழில்தான் பெயர் போடுகிறேன். எங்கள் தலைவர் ஜெயசீலன் சார் முதலில் சிரித்தார், பிறகு பத்திரிகைப் பேட்டியில் அதைத் தன்னுடைய யோசனையாகச் சொல்லிக்கொண்டார்.

பேச்சிமுத்து சங்கரன்கோவில் பக்கம். கெட்டிக்காரன், ஆனால் அவன் தமிழ்! "இந்தக் கம்மாயில வெயில் நேரா அடிக்கில்லா மேடம்" என்பான். "ஏரி. அடிக்கிறது அல்லவா" என்று திருத்துவேன். "சரி மேடம்" என்று சிரிப்பான். போன வருடத்தை விட இப்போது எவ்வளவோ பரவாயில்லை. பேச்சும் குறைந்திருக்கிறது.

மாலையில் வீட்டுக் கூடத்தில் வெயில் சோபாவைச் சுட்டெரிக்கிறது. திரை தைக்கக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

கண்டுபிடித்துவிட்டோம். கண்டுபிடித்த பிறகுதான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஃபர்ஹானா என் வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். அதில் ரேடியேட்டர் பெட்டியின் மேல் பக்கம், வானத்தைப் பார்த்து இருக்கிறது. பேச்சிமுத்துவின் கணக்கில் அது பெட்டியின் மேற்குப் பக்கம் இருக்கிறது. ஏரிக்கண் பகலில் எந்த ஊரைக் கடந்தாலும் அங்கே காலை பத்தரை மணியாக இருக்கும்படி ஏற்பாடு. அந்த நேரத்தில் சூரியன் கிழக்கே ஏறி நிற்கும். உச்சியிலும் நல்ல வெயில் விழும். மேற்குப் பக்கம் மட்டும்தான் எப்போதும் நிழல். ஆக, அவன் கணக்குதான் நியாயம்.

ஆனால் அவன் என்னிடம் மேற்கு என்று சொல்லவே இல்லை!

"மேக்குப் பக்கம்னுதான மேடம் சொன்னேன். போன ஆடியில, இதே மேஜையில வச்சு."

"மேற்கு என்ற சொல்லே உன் வாயிலிருந்து வரவில்லை, பேச்சிமுத்து."

"சொன்னேன் மேடம். நீங்களும் சரின்னு சொன்னீங்க."

எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேலே வைக்கத்தான் சொன்னான். கீழே சூடு ஜாஸ்தி என்றும் சொன்னான். கீழே பூமி இருக்கிறது, அதன் சூடு அடிக்கும், மேலே குளிர்ந்த வெளி, அதனால் மேலே வைக்கச் சொல்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவசரம் என்று உடனே வரைந்தேன், அவனும் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். இப்போது பலகை செய்து வந்து டப்பாவில் உட்கார்ந்திருக்கிறது. வெப்பம் கடத்தும் குழாய்களை உள்ளே வைத்து ஒட்டிய பலகை. பிரித்து வேறு பக்கம் மாட்ட முடியாது. புதிதாகச் செய்தால் ராக்கெட்டில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் போய்விடும்.

பிப்ரவரி 12, வியாழன்

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. நானும் இல்லை.

அப்படியென்றால் யாருக்கோ ஞாபகம் பிசகியிருக்கிறது. எனக்கு ஐம்பத்திரண்டு, அவனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. யாருக்குப் பிசகும் என்று கேட்டால் எல்லோரும் யாரைப் பார்ப்பார்கள்? நேற்று குக்கருக்கு வெயிட் போடாமல் பத்து நிமிஷம் விசிலுக்காகக் காத்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

தங்கை போன் செய்தாள். "உனக்கு எப்பவும் நீ சொல்றதுதான் சரி" என்றாள், வேறு ஏதோ பேச்சில். சுருக்கென்றது.

பிப்ரவரி 13, வெள்ளி

திரைக்கடை மூடியிருந்தது. பேச்சிமுத்து இன்று என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஜெயசீலன் சார் அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வடிவமைப்பைச் சோதிக்க வெளியிலிருந்து மூன்று நிபுணர்கள் வருகிறார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும்.

"தப்பு நடந்துடுச்சு, ஓகே. எங்க நடந்துச்சுன்னு கேப்பாங்க, வத்சலா. ஒரு தெளிவான பதில் வேணும். சும்மா கம்யூனிகேஷன் கேப்னு சொன்னா நம்ம எல்லார் மேலயும் சந்தேகம் வரும்."

"நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், சார்."

"அது போதும். டிராயிங்ல அவன் கையெழுத்து இருக்குல்ல?"

இருக்கிறது. அது எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். பின்னால் குழப்பம் வரக்கூடாது.

மூன்று நிபுணர்களும் வடக்கத்திக்காரர்கள். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். பேச்சிமுத்து எதிர்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். தான் மேற்கு என்று சொன்னதாகவே திரும்பவும் சொன்னான். திணறித்தான் சொன்னான், ஆனால் விடாமல் சொன்னான். பிறகு என்னைக் கேட்டார்கள்.

"அவர் சொன்ன சொல் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. மேலப் பக்கம் என்றார். அப்பர் சைட்" என்றேன். திரையில் என் வரைபடத் தாளைக் காட்டினார்கள். தலைப்பில் மேல் பலகை என்று என் எழுத்து. கீழே அவன் கையெழுத்து. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நிபுணர் கேட்டார். அதையும் நானே மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பர் பேனல்.

பேச்சிமுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நிபுணர், "எஸ்?" என்றார். அவன் முகம் கன்றிச் சிவந்தது. ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அதன் பிறகு கேட்ட எல்லாக் கேள்விக்கும் "எஸ் சார், மை மிஸ்டேக்" என்றான்.

அதுவரை அவ்வளவு பிடிவாதமாக இருந்தவன் ஒரு நிமிஷத்தில் ஏன் ஒப்புக்கொண்டான்? ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 21, சனி

நான் உண்மையைத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 25, புதன்

பேச்சிமுத்துவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ராஜினாமா என்று பெயர். நிபுணர்களின் அறிக்கையில் தவறு என்ற கட்டத்துக்கு எதிரே அவன் பெயரும், நடவடிக்கை என்ற கட்டத்துக்கு எதிரே அவன் போனதும் இருக்கிறது. புதிதாக மேற்குப் பலகை செய்ய ஆர்டர் போய்விட்டது. ராக்கெட்டில் அடுத்த முறை இடம் கேட்டிருக்கிறோம். வேலை தப்பித்தது.

மேஜையைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்தான். "வாரேன் மேடம்" என்றான். நான் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று ஏதோ உளறினேன். நல்லதுக்கு என்ன இருக்கிறது? போன மாதம்தான் மனைவியை ஊரிலிருந்து கூட்டிவந்து மேடவாக்கத்தில் வீடு பார்த்திருந்தான். அவள் மாசமாக இருக்கிறாள் என்று ஃபர்ஹானா சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒரு வருடம் ஒரே மேஜையில் இருந்தவன் அதை என்னிடம் சொல்லவில்லை.

நான் உண்மையைத்தான் சொன்னேன். இதை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன் என்று இப்போதுதான் பார்த்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

இதை உடனே எழுத வேண்டும்.

எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இசக்கியம்மாள் சாயங்காலம் காபி சாப்பிட வந்தாள். காலேஜில் காமர்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள், சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். என் கூடத்தில் எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள். சோபாவில் உட்கார்ந்தவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"என்ன வத்சலா, மேலச் சன்னலுக்குத் திரை போடலியா? வெயிலு மூஞ்சியிலயே அடிக்கி."

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே ஜன்னல் எதுவும் இல்லை, பரண்தான் இருக்கிறது. "மேலே ஏது ஜன்னல்?" என்றேன்.

"இந்தா இருக்குல்லா!" என்று கண்ணெதிரே இருந்த ஜன்னலைக் காட்டினாள். அதற்குள் சூரியன் முழுசாக நின்றுகொண்டிருந்தது. "இதுக்குக் கெட்டித் துணியாப் போடுங்க. கீழச் சன்னலுக்குச் சும்மா மெல்லிசாப் போட்டாப் போதும், காலம்பற வெயிலுதான."

"இரண்டும் ஒரே உயரத்தில்தானே இருக்கின்றன?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஒசரத்தை யாரு சொன்னா? மேலன்னா மேக்கு. கீழன்னா கெழக்கு. மேலத்தெரு, கீழத்தெருன்னு கேட்டதில்லையா நீங்க?"

கேட்டிருக்கிறேன். கும்பகோணத்துக்கும் மதுரைக்கும் போனபோது பலகையில் படித்திருக்கிறேன். மேட்டில் இருப்பது மேலத்தெரு, பள்ளத்தில் இருப்பது கீழத்தெரு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்டதில்லை. தமிழில் எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

பேச்சிமுத்து மேலப் பக்கம் வைக்கச் சொன்னான். மேற்கே வைக்கச் சொல்லியிருக்கிறான். கீழப் பக்கம் சூடு என்றான். கிழக்கே வெயில் என்று சொல்லியிருக்கிறான். பலகைகள் ஆறும் கிட்டத்தட்ட ஒரே அளவுச் சதுரம். தாளில் தட்டையாக வரைந்தால் எது எந்தப் பக்கம் என்று தலைப்பைப் பார்த்துத்தான் தெரியும். மேல் பலகை என்ற தலைப்பைப் படித்து, மேற்குப் பலகை என்று நினைத்து, நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவனுக்கும் ஞாபகம் பிசகவில்லை, எனக்கும் பிசகவில்லை. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

இசக்கியம்மாள் காபி குடித்து முடித்தாளா என்றுகூடத் தெரியவில்லை. அவள் போனதும் பேச்சிமுத்துவுக்கு போன் போட்டேன். ஊருக்குப் போய்விட்டானாம். பின்னால் கோழிச் சத்தம் கேட்டது.

"மேலப் பக்கம் என்றால் உங்கள் ஊரில் மேற்கா?" என்றேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஆமா மேடம்."

"உனக்கு எப்போது தெரிந்தது?"

"அந்த மீட்டிங்லதான். அதுவரைக்கும் நீங்க ஏன் இப்பிடிச் சொல்லுதீங்கன்னு எனக்கும் புரியல. வாய்வலிக்க மேக்குன்னு சொல்லியிருக்கேன்னுதான் மனசுல இருந்துச்சு. நீங்க அந்த வார்த்தையைச் சொல்லி இங்கிலீசுல அப்பர்னு சொன்னீங்க பாத்தீங்களா, அப்பத்தான் வெளங்குச்சு."

"அப்போதே சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லவில்லை?"

"என்னன்னு சொல்ல மேடம்? எங்க ஊர்ல மேலன்னா மேக்குன்னு இங்கிலீசுல மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். எனக்கே கேனத்தனமா இருந்துச்சு. அவங்க மூணு பேரும் சிரிப்பாங்க." நிறுத்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அதைவிட, நீங்க அதுக்கும் திருத்தம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

போனை வைத்த பிறகு அழுதேன். எனக்காகவா அவனுக்காகவா என்று கேட்டால் பதில் தெரியாது.

மார்ச் 2, திங்கள்

ஜெயசீலன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"சூப்பர் கதை. பார்ட்டியில சொல்லலாம். ஆனா ஃபைலை மூடியாச்சு, வத்சலா. இப்ப கிளறாதீங்க."

"அவன் மேல் தப்பே இல்லை, சார்."

"சரி, அப்ப யார் மேல? தாளுக்குத் தமிழ்ல பேர் வச்சது யாரு? தமிழ்லதான் பேசணும்னது யாரு? அந்தக் கட்டத்துல ஒரு பேர் இருக்கணும். அவன் பேரை எடுத்தா உங்க பேர்தான் வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்ளாதே என்கிறார்.

மார்ச் 4, புதன்

யோசித்தேன். பயமாக இருக்கிறது. இந்த வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்? இன்னொரு பக்கம், அவன் கெட்டிக்காரன், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றியதும் என் மேலேயே அருவருப்பு வந்தது. திரும்பத் திரும்ப இந்த இரண்டுக்கும் நடுவில் அலைகிறேன். சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

நிபுணர்களோடு வாராந்திர வீடியோ கூட்டம். புதுப் பலகை பற்றி நான் பேச வேண்டிய நேரத்தில் அதைப் பேசவில்லை. தவறு என்ற கட்டத்தில் தப்பான பெயர் இருக்கிறது என்றேன். ஜெயசீலன் சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் மேல் என்றால் மேற்கு. ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முப்பது வருடமாக ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறவள் நான். ஒரு மாதிரி சொல்லி முடித்தேன். திரையில் ஒருவர், "உங்கள் மொழியில் மேற்கு உச்சியில் இருக்கிறதா?" என்று கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஐயோ, அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். உடனே அவன் முகம் கன்றியது நினைவுக்கு வந்து வெட்கமாகப் போய்விட்டது. சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து நிதானமாகச் சொன்னேன். அவன் பேசிய தமிழ் சரியான தமிழ். அவன் கையெழுத்துப் போட்டது, அவன் படித்தபடி, சரியான தாளுக்கு. புரியாததைக் கேட்காமல் வரைந்தது நான். தலைப்பு எழுதியதும் நான். அந்தக் கட்டத்தில் என் பெயரைப் போடுங்கள்.

போட்டுவிட்டார்கள்.

மார்ச் 9, திங்கள்

வேலை போகவில்லை. ஆனால் இனிமேல் என் வரைபடங்களை நானே இறுதி செய்ய முடியாது. கடைசிக் கையெழுத்து இன்னொருவருடையதாக இருக்க வேண்டும். பேச்சிமுத்துவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். அந்த இன்னொருவர் அவன்தான்.

நானே போன் செய்து சொன்னேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன்! அவன் துள்ளுவான் என்று எதிர்பார்த்தேன்.

"வாரேன் மேடம். ரொம்ப நன்றி" என்றான். பிறகு, "ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றான்.

"கேள், கேள்."

"இனிமே வேலை விஷயத்தை நாம இங்கிலீசுலயே பேசிக்கிடுவோமா மேடம்? தாளுக்குப் பேரும் இங்கிலீசுலயே இருக்கட்டும்."

நான் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? சரி என்றேன்.

மார்ச் 16, திங்கள்

பேச்சிமுத்து வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். மனைவிக்கு அடுத்த மாதம் வளைகாப்பாம். இதையும் ஃபர்ஹானாதான் சொன்னாள்.

மேற்குப் பலகையின் தாளை நீட்டினேன். எழுத்து எழுத்தாகப் படித்தான், நல்ல ஆங்கிலத்தில் இரண்டு சந்தேகம் கேட்டான், கையெழுத்துப் போட்டான். இரண்டும் நான் கவனிக்காமல் விட்டவை. வேலை இதுவரை இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை என்று ஜெயசீலன் சாருக்கு ஒரே மகிழ்ச்சி.

மத்தியானம் காபி எடுக்கப் போனேன். உள்ளே அவனும் ஃபர்ஹானாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரில் பஸ்ஸை விட்டுவிட்டு மாமனாரின் டிராக்டரில் ஏறி ரயிலைப் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "அந்த மனுசன் வண்டிய மேலப் பக்கமா ஒடிச்சாரு பாரு, நான் கீழப் பக்கம் கெடக்கேன்" என்கிறான். ஃபர்ஹானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கதவருகே நின்றே கேட்டேன். அவன் இவ்வளவு பேசுவான் என்று எனக்குத் தெரியாது. ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் இல்லை.

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அவன் எழுந்து நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டான்.

"குட் ஆஃப்டர்நூன், மேம்" என்றான்.

நானும் குட் ஆஃப்டர்நூன் என்றேன்.